பதினாறு படிவங்களும் ஒரே வசனமும்

பாரிசில், ரூ பெர்தொனே தெருவில் கேஸ் எழுதுகிற ஸ்ரீஸ்கந்தராசாவைத் தெரியாதவர் என்றால் அவர் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நேற்றுத்தான் வந்திறங்கியிருக்க வேண்டும். அவரும் ஒரு கிழமைக்குள் தெரிந்துகொள்வார். தொலைபேசி அட்டையும் பயணச்சீட்டும் விற்கிற கடையொன்றின் பின்பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு போட்டோக்கொப்பி மெஷின். அகதி விண்ணப்பம், மேன்முறையீடு, வீட்டு வாடகைத் தகராறு, பள்ளிக்கூடக் கடிதம், எதுவானாலும் அந்த மேசையில் தமிழாக வந்து பிரெஞ்சாக வெளியே போகும். முப்பது வருடமாக இதுதான் அவருடைய தொழில்.

தொழிலில் அவருக்கு ஒரேயொரு வேதம் இருந்தது. கோப்பில் முரண்பாடு வரக்கூடாது.

"தம்பி, ஷெல் விழுந்தது செவ்வாய்க்கிழமை எண்டு முதல் சொல்லிப்போட்டாய். இனிச் சாகுமட்டும் செவ்வாய்தான். அது புதன் எண்டு உனக்குப் பிறகு ஞாபகம் வந்தாலும் வாயைத் திறவாதை" என்பார்.

அதிகாரிகள் எதை மன்னித்தாலும் மாற்றிச் சொல்வதை மன்னிக்க மாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போய், முன்பு எழுதியதற்கு அது மாறாகிவிட்டதால் நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கதிரையில் இருந்து அழுதிருக்கிறார்கள். ஆகவே அந்த வேதத்தைக் குறை சொல்ல முடியாது. அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் என்பதில்தான் மனிதர் கோட்டை விட்டார்.

அவருக்கு ஒரே மகன், கரிகாலன். இருபத்தாறு வயது. பேசமாட்டான். மூன்று வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். எட்டு வயதில் தங்கிப் படிக்கும் விசேட பாடசாலை ஒன்றில் இடம் கிடைத்தது. லா சப்பலில் யாராவது விசாரித்தால், "போர்டிங்கிலை படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றுவார். அது பாதியளவு உண்மை. இருபத்திரண்டு வயதில் பாடசாலைக் காலம் முடிந்தது. புறநகர் செவ்ரானில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். அவன் சுவரில் தலையை மோதுகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டார் பொலிசை அழைத்தார்கள். கடைசியில், பாரிசுக்கு வடக்கே ரயிலில் ஒரு மணிநேரத் தூரத்தில் இருந்த மருத்துவமனையொன்றின் பிரிவில் சேர்த்தார்கள். நிரந்தர இல்லம் ஒன்றில் இடம் கிடைக்கும்வரை சில மாதங்களுக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அந்தச் சில மாதங்கள் நாலு வருடமாகிவிட்டன.

அவன் மருத்துவமனைக்குப் போன அதே வாரம், லா சப்பலில் அப்பாவின் வாயால் அவன் லண்டனுக்குப் போனான்.

லண்டனில் கரிகாலன் நன்றாகவே முன்னேறினான் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வருடம் கம்ப்யூட்டர் படித்தான். மூன்றாம் வருடம் வங்கியொன்றில் சேர்ந்தான். போன தைப்பொங்கலுக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது. பக்கத்து நகைக்கடை நாகேஸ்வரி அக்கா அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டு லட்டு வாங்கிக் கொடுத்தார். ஸ்ரீஸ்கந்தராசா அந்த லட்டைத் தின்றார். தொண்டைக்குள் இறங்க மறுத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது என்பதுதான் உண்மை.

மருத்துவமனையில் அவருக்கு வேறொரு மரியாதை இருந்தது. அவர் பேசும் பிரெஞ்சு கடிதத்தில் எழுதுவதுபோலத் திருத்தமாக இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி யசோதினி பொரித்த றோல்சை ஒரு பெட்டி நிறைய ஊழியர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். இப்படிப்பட்டவரை எந்த நிர்வாகம் விடும்? சேர்ந்த சில கிழமைகளிலேயே குடும்பங்களின் பிரதிநிதியாக அவரை நியமித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரிவின் பொறுப்பாளர் ஆரெலி அவரை அறை அறையாகக் கூட்டிச் செல்வாள். முடிவில் ஒரு படிவம். கண்டது என்ன, குறை என்ன, நோயாளிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியாள் கண்ணால் பார்க்க அரசு வைத்திருக்கும் வழி அது.

முதல் படிவத்தில் அவர் யோசித்து, தன் நாலு நிறப் பேனாவின் நீல மையால், அழகான எழுத்தில் எழுதினார்: "இந்தப் பிரிவு சுத்தமாகவும் கவனமாகவும் மரியாதையுடனும் நடத்தப்படுகிறது. ஊழியர்களுக்கு எங்கள் நன்றி." எழுதியதைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை அந்தக் கொப்பியைப் பார்த்து அப்படியே எழுதினார். மூன்றாம் முறையும் அப்படியே. முன்னுக்குப் பின் முரண் வராது பாருங்கள்.

அந்த நாலு நிறப் பேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிகாலனுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய பொருள் கிடையாது. அப்பாவைக் கண்டதும் நேரே வந்து அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பான். நீலம், கறுப்பு, பச்சை, சிவப்பு என்று வரிசை தப்பாமல் அழுத்துவான். பிறகும் நீலம். அவன் முகம் அப்போது இளகும். முனை கூரானது என்று பிரிவில் அதை வைத்திருக்க விடமாட்டார்கள். திரும்பும்போது அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த வருடம் தை மாதத்தில், ஒரு ஞாயிறு, யசோதினி மகனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மேலே தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிவரச் சிவந்த தடம். அவள் தன் இரண்டு விரலைச் சேர்த்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல் அகலம்.

"இஞ்சருங்கோ, இது தானாக் கீறினது இல்லை. பட்டி கட்டின தடம்" என்றாள்.

"சத்தம் போடாதையும்."

திரும்பும் ரயிலில் அவள் விடவில்லை. "அடுத்த போர்மிலை எழுதுங்கோ. நீங்கள் எழுதாட்டி ஆர் எழுதிறது? ஊரிலை உள்ளவைக்கெல்லாம் எழுதிறியள்."

"பதினைஞ்சு தரம் நல்லம் எண்டு எழுதிப்போட்டு இப்ப கூடாது எண்டு எழுதினா என்ன நினைப்பினம்? முதல் எழுதினது பொய்யோ எண்டு கேப்பினம். கொண்டுபோய் வீட்டிலை வைச்சுப் பாருங்கோ எண்டு அனுப்பிவிட்டா? திரும்பப் பொலிஸ் வரட்டோ?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியவந்தது. மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுச் சப்பாத்து கொடுப்பதற்காக, முன்கூட்டிச் சொல்லாமல் பின்னேரம் ஆறு மணியளவில் அவர் தனியாகப் போயிருந்தார். அங்கே, குழம்புகிற நோயாளிகளைத் தனியே விட்டுப் பூட்டுவதற்கு, 'அமைதி அறை' என்று ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் எவரோ, அவர் அதற்குள் ஒரு மணிநேரம் இருந்து பார்த்திருக்க மாட்டார். மாதத்தில் ஒன்றிரண்டு தரம், அதுவும் அரைமணி நேரம் மட்டும் பாவிப்பதாகப் பதிவேட்டில் இருந்தது. கதவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் அவர் பார்த்தார். நிலத்தில் மெத்தை. மெத்தையில் கரிகாலன். வெறுங்கையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பெருவிரலால் காற்றை அழுத்திக்கொண்டிருந்தான். நாலு தரம். கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் நாலு தரம். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், ஆளுக்குப் பஞ்சம், இரவுக்கு இரண்டே பேர், ஆறு மணியிலிருந்து விடியும்வரை இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்ரீஸ்கந்தராசா சப்பாத்துப் பெட்டியை அவளிடம் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தார். நன்றி சொன்னார், ஆமாம். வீட்டில் மூச்சு விடவில்லை. பங்குனி முதல் வாரத்தில் பதினாறாவது படிவம் வந்தது. சுத்தமாகவும் கவனமாகவும் மரியாதையுடனும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பங்குனிக் கடைசியில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சுகாதார ஆய்வுக் குழு வருகிறது, குடும்பப் பிரதிநிதியும் இருக்க வேண்டும். இந்தக் குழு நல்ல அறிக்கை எழுதிவிட்டுப் போனால் அடுத்த ஐந்து வருடத்துக்கு எவரும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. அது யசோதினிக்கும் தெரியும். அன்று காலை அவள் றோல்ஸ் பொரிக்கவில்லை. கதவடியில் வந்து நின்றாள்.

"இண்டைக்குச் சொல்லாட்டி இனி எண்டைக்கும் இல்லை."

"பாப்பம்."

"பாத்துக்கொண்டுதானே நாலு வருசம் இருந்தனீங்கள்" என்றாள்.

வாசலில் ஆரெலியோடு ஆய்வுக் குழுவினர் மூவர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பியதும் ஸ்ரீஸ்கந்தராசா ஓர் அடி பின்வாங்கினார். நகைக்கடை நாகேஸ்வரியின் மகள் தாட்சாயினி. சுகாதாரத் துறையில் ஏதோ பெரிய வேலை என்று தாய் சொல்வது அவர் காதில் விழுந்ததுதான். என்ன வேலை என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டார். முன்கூட்டித் தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பார்.

"சிறீ மாமா! நீங்கள் இஞ்சை?" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை. எங்கட சங்கத்தாலை ஒரு சேவை மாதிரி. வந்து பாத்து உதவிறது."

ஆரெலிக்குத் தமிழ் விளங்காது. புன்னகையோடு நின்றாள். தாட்சாயினி அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு, "நல்லது மாமா" என்று சொல்லிக் கதவைத் தள்ளினாள்.

பிரிவு கல்யாண வீடுபோலத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அமைதி அறையில் மெத்தையின்மேல் ஒரு புதுப் போர்வை மடித்துக் கிடந்தது. ஆரெலி பதிவேட்டைக் காட்டினாள். குழுவில் ஒருவர் கணினியில் தட்டிக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராசா சுவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மகன் பொது அறையில் யன்னலடியில் இருப்பான், அந்தப் பக்கம் கடைசியாகப் போவார்கள், அதற்குள் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கழன்றுவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கரிகாலனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நடைபாதையின் அந்தக் கோடியில் அப்பாவைக் கண்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அப்பா வந்த அதிசயம். வேகவேகமாக நடந்து வந்தான். ஆரெலியையும் ஆய்வாளர்களையும் மரத்தூண்களைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தான். நீலம். கறுப்பு. பச்சை. சிவப்பு.

எல்லோரும் நின்றார்கள். தாட்சாயினி அவனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறந்தார். திருத்தமான, கடிதப் பிரெஞ்சில் சொன்னார்: "சில நோயாளிகளுக்குப் பேனா என்றால் விருப்பம்."

சொல்லி முடிந்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கடவுளே, பெற்ற பிள்ளை முன்னால் நிற்கிறான். அவன் மூச்சு அவர் கழுத்தில் படுகிறது. ஆரெலியின் புன்னகை அணைந்தது. அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். கரிகாலனுக்கு மட்டும் எந்த வருத்தமும் இல்லை. திரும்பவும் நீலத்தில் தொடங்கினான். அவன் அழுத்த அழுத்தச் சட்டைக் கை பின்னால் நழுவியது.

"இந்தத் தடம் என்ன?" என்று தாட்சாயினி பிரெஞ்சில் கேட்டாள்.

"தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறார். கோப்பில் இருக்கிறது" என்றாள் ஆரெலி. குரல் உறுதியாக இல்லை. "குடும்பங்கள் தரப்பில் எந்த முறைப்பாடும் கிடையாது. பிரதிநிதியின் படிவங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்."

தாட்சாயினி தன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அந்த நீல மை தூரத்திலேயே தெரிந்தது. மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அவரைப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். கரிகாலனும் பின்னாலேயே வந்து, அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டான். அவள் காகிதக் கட்டை மேசையில் விரித்தாள். பதினாறு படிவங்கள். ஒரே வசனம், ஒரே இடத்தில் முற்றுப்புள்ளி.

"மாமா, எனக்குக் காலமையே தெரியும்" என்றாள் தாழ்ந்த குரலில். "நோயாளியளின்ரை லிஸ்டிலை இவன்ரை பேரும் தேப்பன்ரை பேரும் கிடக்கு. உங்களைத் தெரியும் எண்டு எங்கட குழுவிலையும் சொல்லிப்போட்டன். நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

நாகேஸ்வரி அக்காவின் லட்டு, பதவி உயர்வு, லண்டன் வங்கி எல்லாம் அந்த மேசையில் படிவங்களுக்குப் பக்கத்தில் விரித்துக் கிடந்ததுபோல இருந்தது.

"அம்மாட்டை..." என்று தொடங்கினார்.

"அம்மாட்டை நான் ஏன் சொல்லப்போறன்? அதில்லை மாமா." அவள் படிவங்களில் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். "இஞ்சை நாங்கள் இரண்டு வருசத்துக்கு முதல் வந்திருக்க வேணும். எந்த இடத்துக்கு முதல் போறது எண்டு பாக்கேக்கை இதுகளைத்தான் பாத்தது. ஒவ்வொரு தரமும் நல்லம் எண்டு குடும்பமே எழுதியிருக்கு, அவசரமில்லை எண்டு மற்ற இடங்களுக்குப் போயிட்டினம்."

இரண்டு வருடம். ஸ்ரீஸ்கந்தராசா கணக்குத் தெரிந்த மனிதர். இரண்டு வருடத்தில் எத்தனை பின்னேரம் ஆறு மணி வரும் என்று போட்டுப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். பூட்டியவர்கள் வேறு யாரோதான். ஆனால் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம் என்று அழகான எழுத்தில் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தது அவருடைய கை. அவருக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

"இப்ப மாத்திச் சொன்னா முரணா வருமே பிள்ளை" என்றார். அவருக்கே அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது!

"வரத்தான் வேணும்" என்றாள் அவள். மடிக்கணினியைத் திறந்தாள். "சொல்லுங்கோ. நான் எழுதிறன்."

அவர் முதுகை நிமிர்த்தினார். "கீழே கையொப்பமிடும் நான், மேற்படி நோயாளியின்..." என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார்.

"மாமா, பிரெஞ்சிலை நீங்கள் கேஸ் எழுதிறீங்கள். தமிழிலை சொல்லுங்கோ."

கரிகாலன் பச்சையை அழுத்தினான். சிவப்பை அழுத்தினான். அவர் கையை நீட்டி மகனுடைய மணிக்கட்டைத் தொட்டார். அவன் விலக்கவில்லை.

"இவன் என்ரை மகன். கரிகாலன்" என்றார். "லண்டனிலை இல்லை. நாலு வருசமா இஞ்சைதான் கிடக்கிறான்."

அவள் எழுதினாள். அவர் குரல் முதலில் தடுமாறியது, பிறகு வழிக்கு வந்தது. தை பதினெட்டாம் திகதி, ஞாயிறு, இரண்டு மணிக்கட்டிலும் தடம், தாய் கண்டது. மாசி பத்தாம் திகதி, செவ்வாய், பின்னேரம் ஆறு மணி, பூட்டின கதவு, தான் கண்டது. போன வருடம் ஆடி ஆறாம் திகதி, ஞாயிறு, உதட்டில் காயம், விழுந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்திய கார்த்திகையில் ஒரு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. அதற்கும் முந்திய வருடம், மாத்திரை கூடி, நாள் முழுக்க நித்திரை. நாள், கிழமை, நேரம், பக்கத்தில் நின்றவர் யார் என்று எல்லாம் ஒழுங்காக வந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் மேசையிலிருந்து வெளியே போன எந்தக் கோப்பும் இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. ஒரு திகதிகூட இன்னொன்றோடு மோதவில்லை.

பன்னிரண்டாவது சம்பவத்திலோ பதின்மூன்றாவதிலோ தாட்சாயினியின் விரல்கள் நின்றன. அவள் கணினியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"மாமா" என்றாள், "எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானோ ஒவ்வொரு தரமும் எழுதினீங்கள்?"

பேனா நீலத்துக்குத் திரும்பியது.

"ஓம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "அதையும் எழுதும் பிள்ளை."